காயம் ஆறுதலும் குடல்நலமும்: பெப்டைடு மருத்துவத்தின் சான்றுநிலை

ஆய்வுச்சுருக்கம்

தசைநாண் காயங்களை விரைந்து ஆற்றும், குடற்புண்ணைக் குணப்படுத்தும் என்னும் கூற்றுகளுடன் பெப்டைடு ஊசிகள் அண்மைக் காலமாகச் சந்தையில் பரவி வருகின்றன. பெப்டைடு என்னும் ஒரே பெயருக்குள் முறையாகச் சோதிக்கப்பட்ட மருந்துகளும், மனிதரிடம் போதிய அளவில் சோதிக்கப்படாத பொருள்களும் அடங்கியுள்ளன. இவ்விரண்டையும் பிரிப்பது மூலக்கூற்றின் இயல்பன்று. அது கடந்து வந்த சோதனையே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. கொலாஜன் அமைப்பைப் பற்றிய சென்னை ஆய்வும், குடல்நலம் பற்றிய வேலூர் மருத்துவச் சோதனையும் இதற்கு அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன. செஞ்சி போன்ற சிறுநகரத்தில் உடலுழைப்பை நம்பி வாழ்வோருக்கு இவ்வேறுபாடு ஏன் இன்றியமையாதது என்பதும் விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பெப்டைடு, கொலாஜன், தசைநாண், குடல்நலம், மருந்துப்போலி, மருத்துவச் சோதனை, செஞ்சி

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சி, இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளைச் சார்ந்து அமைந்த கோட்டை நகரமாகும். 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மராத்தியர் படைத்தளங்கள் என்னும் தொகுப்பில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் மகாராட்டிரத்திற்கு வெளியே உள்ளது செஞ்சிக் கோட்டை ஒன்றே. இராசகிரியின் உச்சி தரையிலிருந்து சுமார் 800 அடி உயரத்தில் உள்ளது. செங்குத்தான கற்படிகளில் ஏறி இறங்குவோர்க்குக் கணுக்கால் பிசகுவதும் முழங்கால் வலிப்பதும் புதியன அல்ல.

கோட்டையைக் காண வருபவர் ஓய்வெடுத்துக்கொள்ளலாம். நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் நெல்லும் நிலக்கடலையும் விளைவிப்போர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. குனிந்து நடவு நடுதல், மூட்டை சுமத்தல், கல் உடைத்தல் ஆகிய வேலைகளில் தோளும் முழங்காலும் குதிகாலும் ஓயாமல் இயங்குகின்றன. தசைநாண் ஒன்று புண்பட்டால் சில வாரங்கள், சில வேளைகளில் சில மாதங்கள் கூலி நின்றுபோகிறது. கபடி ஆடும் இளைஞர்க்கு ஒரு பருவமே போய்விடுகிறது. ஆகவே, “விரைவில் ஆற்றும்” என்னும் சொல்லுக்கு இத்தகைய ஊர்களில் இயல்பாகவே செவிசாய்ப்போர் பலர். இணையவழி விற்பனை பெருகிய இக்காலத்தில் அச்சொல் எந்தச் சிற்றூரையும் எட்டிவிடுகிறது. அச்சொல்லின் பின்னுள்ள சான்று எத்தன்மையது என்பதே இக்கட்டுரையின் வினா.

பெப்டைடு என்பது யாது?

உடலிலுள்ள புரதங்கள் யாவும் அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகளால் ஆனவை. ஓர் அமினோ அமிலத்தை மற்றொன்றுடன் இணைக்கும் வேதிப்பிணைப்பு பெப்டைடு பிணைப்பு எனப்படும். மணிகளைக் கோத்தாற்போல இவை தொடரும்போது, குறுகிய தொடரைப் பெப்டைடு என்றும் நீண்ட தொடரைப் புரதம் என்றும் வழங்குவர். பொதுவாக ஏறத்தாழ 50 அமினோ அமிலங்கள் வரையிலான தொடர் பெப்டைடு எனக் கொள்ளப்படுகிறது. இவ்வெல்லை இறுக்கமானது அன்று.

இவ்வகை மருந்து நமக்குப் புதியதும் அன்று. சர்க்கரை நோயாளிகள் நாள்தோறும் செலுத்திக்கொள்ளும் இன்சுலின், 51 அமினோ அமிலங்கள் கொண்ட இரு சங்கிலிகளால் ஆனது. அது 1922ஆம் ஆண்டு சனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. எலும்புத் தேய்வுக்கு வழங்கப்படும் டெரிபாரடைடு மற்றோர் எடுத்துக்காட்டு. பாராதைராய்டு சுரப்பியின் இயக்குநீரில் உள்ள 84 அமினோ அமிலங்களுள் முதல் 34 மட்டும் இதில் உள்ளன. மாதவிடாய் நின்ற 1,637 பெண்களிடம் இது சோதிக்கப்பட்டது. நாளொன்றுக்கு 20 மைக்ரோகிராம் பெற்றவர்களிடம் புதிய முதுகெலும்பு முறிவு 65 விழுக்காடு குறைந்தது. இம்முடிவு 2001இல் வெளிவந்தது. அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2002இல் இதற்கு ஒப்புதல் வழங்கியது.

எனவே, “பெப்டைடு பயன்தருமா?” என்னும் பொது வினாவிற்கு விடையில்லை. “மாத்திரை பயன்தருமா?” என்பது போன்ற வினா அது. எந்தப் பெப்டைடு, எந்த நோய்க்கு, எவரிடம் சோதிக்கப்பட்டது என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

தசைநாணும் சென்னைக் கண்டுபிடிப்பும்

தசையை எலும்புடன் இணைக்கும் தசைநாணின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதமே. இதன் அமைப்பை விளக்கிய முன்னோடி ஆய்வு சென்னையில் நிகழ்ந்தது. சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக இருந்த கோ. நா. இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும், மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிய அமைப்பே கொலாஜன் என்று 1954இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியே கிடைத்த கங்காரு வால் தசைநாண் அவர்களின் ஆய்வுப் பொருள்களுள் ஒன்றாக இருந்தது. தோல் பதனிடுதலும் கொலாஜனைக் கையாளும் தொழிலே ஆதலின் இத்தொடர்பு இயல்பானது. அடுத்த ஆண்டு அம்மூன்று சங்கிலிகளும் சேர்ந்து மேலும் முறுக்கிக்கொள்கின்றன என்று அவர்கள் திருத்தினர். மும்முறுக்கு என்னும் அடிப்படை இன்றும் நிலைபெற்றுள்ளது.

இவ்வமைப்பில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் என்னும் மிகச்சிறிய அமினோ அமிலம் நிற்கிறது. மூன்று சங்கிலிகளும் நெருங்கிப் பின்னுவதற்கு அச்சிறுமை தேவைப்படுகிறது. புரோலின், ஐதராக்சிபுரோலின் ஆகியவை பின்னலுக்கு உறுதி தருகின்றன. புரோலின் ஐதராக்சிபுரோலினாக மாறுவதற்கு வைட்டமின் சி தேவை. அச்சத்துக் குறைந்தோரின் புண் ஆறாமைக்கும் ஈறு கசிவிற்கும் காரணம் இதுவே.

தசைநாண் கிழிந்தால் உடல் மூன்று படிகளில் அதனைச் சீர்செய்கிறது. முதற்படி அழற்சி, இதில் வீக்கமும் வலியும் தோன்றும். அடுத்த சில வாரங்களில் புதிய இழைகள் அவசரமாக இடப்படுகின்றன. இவை ஒழுங்கற்றவை, வலுக்குறைந்தவை. மூன்றாம் படியில் அவ்விழைகள் இழுவிசையின் திசையில் மெல்ல மெல்ல வரிசைப்படுகின்றன. இப்படி ஓராண்டிற்கு மேலும் நீளக்கூடும். தசையுடன் ஒப்பிடத் தசைநாணில் குருதி ஓட்டம் குறைவு என்பதும் தாமதத்திற்குக் காரணமாகும்.

இங்கு ஓர் உண்மை நினைவிற்குரியது. பெரும்பாலான காயங்கள் எம்மருந்துமின்றிக் காலப்போக்கில் ஓரளவு குறையக்கூடியவை. வலி உச்சத்தில் இருக்கும்போதே ஒருவர் ஊசியை நாடுகிறார். ஆறு வாரம் கழித்து வலி தணிந்தால் அது ஊசியின் பயனா, காலத்தின் பயனா என்பதை அவர் ஒருவராலேயே பிரித்தறிய இயலாது. ஒப்பீட்டுக் குழு என்னும் முறை தோன்றியது இக்குழப்பத்தைத் தீர்ப்பதற்கே.

குடலில் பெப்டைடு

பெப்டைடை வாய்வழி உட்கொண்டால் என்னாகும்? இரைப்பையில் பெப்சினும் சிறுகுடலில் டிரிப்சின், கைமோடிரிப்சின் ஆகிய நொதிகளும் புரதத் தொடர்களை வெட்டுகின்றன. இறுதியில் தனி அமினோ அமிலங்களும், இரண்டு அல்லது மூன்று கூறுகள் கொண்ட துணுக்குகளுமே பெரும்பாலும் குடற்சுவரைக் கடக்கின்றன. இன்சுலினை மாத்திரையாக விழுங்காமல் ஊசியாகச் செலுத்துவது இதனாலேயே.

இத்தடையை மருந்தியல் இரு வழிகளில் எதிர்கொண்டது. ஒன்று, குடலுக்குள்ளேயே நின்று வேலை செய்யும் பெப்டைடை உருவாக்குதல். 14 அமினோ அமிலங்கள் கொண்ட லினாக்ளோடைடு இவ்வகையைச் சார்ந்தது. மூன்று கந்தகப் பாலங்கள் அதனை இறுக்கிப் பிடிப்பதால் அது எளிதில் சிதைவதில்லை. குடற்சுவரிலுள்ள ஏற்பியைத் தூண்டி, குடலுக்குள் நீர் சுரக்கச் செய்கிறது. மலச்சிக்கலோடு கூடிய குடல் எரிச்சல் நோய்க்கு 2012இல் அமெரிக்காவில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது.

மற்றது, ஊசிவழிச் செலுத்தப்படும் டெடுக்ளூடைடு. அறுவை மருத்துவத்தால் குடலின் பெரும்பகுதியை இழந்தோர்க்கு உணவும் நீரும் சிரைவழியே தரவேண்டியுள்ளது. குடலின் உட்சுவரை வளர்க்கும் இயற்கை இயக்குநீர் ஒன்றின் வடிவில் 33 அமினோ அமிலங்களால் இம்மருந்து செய்யப்பட்டது. இயற்கை வடிவம் உடலில் விரைவில் சிதைந்துவிடுவதால், இரண்டாம் இடத்திலுள்ள அலனினை நீக்கிக் கிளைசினை வைத்தனர். 86 நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு 24 வாரங்கள் சோதிக்கப்பட்டனர். சிரைவழித் தேவை குறைந்தது 20 விழுக்காடு தணிந்தால் பயன் எனக் கொள்ளப்பட்டது. மருந்து பெற்றவர்களுள் 63 விழுக்காட்டினர் இப்பயனை அடைந்தனர். மருந்தில்லாத ஊசியாகிய மருந்துப்போலி பெற்றவர்களுள் 30 விழுக்காட்டினரும் அடைந்தனர்.

இவ்விரண்டாம் எண் ஆழ்ந்து நோக்கத்தக்கது. இத்துணைக் கடுமையான நோயிலும், மருந்தே பெறாதவர்களில் பத்தில் மூவர் முன்னேறினர். ஒப்பீட்டுக் குழு இல்லாதிருந்தால் அம்மூவரின் முன்னேற்றமும் மருந்தின் கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கும். மேலும், குடலின் வளர்ச்சியைத் தூண்டும் மருந்து அங்குள்ள கட்டிகளையும் வளர்க்கக்கூடும் என்பதால், மருந்தைத் தொடங்குமுன் பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் பார்க்கவேண்டும் என்பது வயது வந்தோர்க்கான விதி. பயன் நிறுவப்பட்ட மருந்தோடு அதன் தீங்கும் அறியப்படுகிறது; அத்தீங்கைக் காக்கும் வழியும் கூடவே வருகிறது.

பிபிசி–157: சான்று நின்றுபோன இடம்

காயத்திற்கும் குடலுக்கும் ஒருங்கே மருந்தெனப் பேசப்படுவது பிபிசி–157 என்னும் பெப்டைடு. இது 15 அமினோ அமிலங்கள் கொண்டது. மனித இரைப்பை நீரிலுள்ள ஒரு புரதத்தின் பகுதி என்று இதனை விவரித்தவர்கள் குரோவாசிய நாட்டின் சாக்ரெப் நகர ஆய்வாளர்கள். 1990களின் தொடக்கம் முதல் அவர்கள் இதுபற்றி எழுதி வருகின்றனர். எலிகளின் குதிகால் தசைநாணை அறுத்துப் பின் இதனைச் செலுத்தியபோது இணைப்பு விரைவும் வலுவும் பெற்றது என்றும், இரைப்பைப் புண் குறைந்தது என்றும் அவர்கள் தெரிவித்தனர். தைவான் ஆய்வுக்குழு ஒன்றும் தசைநாண் செல்களின் வளர்ச்சி பற்றி இசைவான முடிவை 2011இல் வெளியிட்டது. எனினும் வெளிவந்த கட்டுரைகளுள் பெரும்பான்மை ஒரே குழுவைச் சார்ந்தவை.

இம்முடிவுகளைப் புறக்கணிக்க வேண்டியதில்லை. அவை மேலும் சோதிக்கத் தூண்டும் நல்ல தொடக்கமே. ஆனால் எலிக்கும் உழவர்க்கும் இடைவெளி பெரிது. சோதனை எலி இளமையும் நலமும் உடையது. அதன் தசைநாண் ஒரே நாளில் கத்தியால் அறுக்கப்பட்டது. மருந்தும் உடனே தரப்பட்டது. ஐம்பது வயதில், சர்க்கரை நோயும் சேர்ந்த நிலையில், பல்லாண்டு உழைப்பால் இழை இழையாகத் தேய்ந்த தோள் தசைநாண் அத்தகையது அன்று. மனிதரிடம் நிகழ்ந்து வெளிவந்த ஆய்வுகளோ மிகச் சிறியவை. சிலரையோ பத்துப் பதினைந்து பேரையோ கொண்டவை. முழங்கால் வலிக்கு ஊசி பெற்றவர்களைப் பின்னர் விசாரித்து 2021இல் வெளிவந்த ஆய்வில் மருந்துப்போலிக் குழு இல்லை. டெடுக்ளூடைடு சோதனையில் அந்த 30 விழுக்காட்டை வெளிப்படுத்திய முறை இங்குக் கையாளப்படவே இல்லை.

தீங்கு பற்றிய நிலையும் இதுவே. இப்பெப்டைடு புதிய குருதி நாளங்களைத் தோற்றுவிக்கிறது என்பது அதன் ஆதரவாளர்கள் எடுத்துக்கூறும் பயன். கட்டிகளும் புதிய குருதி நாளங்களைக் கொண்டே வளர்கின்றன. இதனால் புற்றுநோய் வரும் என்பதற்குச் சான்றில்லை. வராது என்று கூறத்தக்க நீண்டகால மனித ஆய்வும் இல்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022 முதல் இதனை, எந்நாட்டு அரசும் மருந்தாக ஒப்பாத பொருள்களுக்குரிய பிரிவில் தடைசெய்துள்ளது. அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2023இல், மருந்தகங்கள் கலந்து தயாரிப்பதற்குப் பாதுகாப்பு ஐயம் உள்ள பொருள்களின் பிரிவில் இதனை வைத்தது. ஆடுகளத்தில் இருக்கும் இளைஞர் இதனைச் செலுத்திக்கொண்டால் காயத்தோடு தடையும் சேரக்கூடும்.

குப்பிக்குள் இருப்பது யாது என்பதும் தனி வினா. பெப்டைடுகளைத் திண்ம மணிகளின் மீது ஒவ்வோர் அமினோ அமிலமாகச் சேர்த்துக் கட்டும் முறையை மெரிஃபீல்டு 1963இல் வெளியிட்டார். அதற்காக 1984இல் நோபல் பரிசு பெற்றார். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் பெப்டைடு சங்கிலி எவ்வெக்கோணங்களில் மடியலாம் எனக் காட்டும் வரைபடத்தைச் சென்னையிலிருந்து வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். மெரிஃபீல்டு முறையில் ஒரு கூறு விடுபட்டாலும் வேறொரு பொருள் உண்டாகிவிடும். அத்தகைய பிழைத்தொடர்களையும், கரைப்பான் எச்சத்தையும், நுண்ணுயிர் நச்சையும் நீக்கிச் சோதிப்பது மருந்துத் தொழிற்சாலையின் கடமை. “ஆராய்ச்சிப் பயன்பாட்டிற்கு மட்டும்” என்னும் முகப்புச்சீட்டுடன் விற்கப்படும் குப்பிக்கு அக்கடமை இல்லை. அச்சீட்டு வாங்குபவரைக் காப்பதற்கன்று, விற்பவரைக் காப்பதற்கு.

வேலூர் காட்டிய வழி

குடல்நலம் பற்றிய ஒரு கருத்தை எவ்வாறு சோதிப்பது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. வாந்திபேதி நோயில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் உயிர்காக்கிறது; ஆனால் அது கழிச்சலின் அளவைக் குறைப்பதில்லை. சிறுகுடலில் செரிக்காத மாவுப்பொருள் பெருங்குடலை அடைந்தால், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனைக் குறுங்கொழுப்பு அமிலங்களாக மாற்றும். அவை உப்பையும் நீரையும் உறிஞ்சத் துணைபுரியும் என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பி. எஸ். இராமகிருஷ்ணாவும் உடன் ஆய்ந்தோரும் கருதினர்.

அக்கருத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. வாந்திபேதி கண்ட 48 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவிற்கு வழக்கமான உப்புச்சர்க்கரைக் கரைசல். இன்னொன்றிற்கு லிட்டருக்கு 50 கிராம் அரிசிமாவு சேர்த்த கரைசல். மற்றொன்றிற்கு அதே அளவில் எளிதில் செரிக்காத சோளமாவு சேர்த்த கரைசல். கழிச்சலின் எடையும் நீடித்த நேரமும் அளக்கப்பட்டன. செரிக்காத மாவு பெற்ற குழுவில் இரண்டும் குறைந்தன. 2000ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இது வெளிவந்தது.

48 பேர் என்பது பெரிய எண் அன்று. எனினும் ஒப்பீடு இருந்தது, அளவீடு இருந்தது, பிறர் திரும்பச் செய்து பார்க்கத்தக்க விளக்கம் இருந்தது. மலிவான மாவிற்கே இத்துணைச் சோதனை வேண்டப்பட்டதெனில், உடலுக்குள் ஊசியால் செலுத்தும் பொருளுக்கு அதனினும் குறைந்ததை ஏற்பது பொருந்தாது.

காயத்திற்கும் இத்தகைய எளிய வழி உண்டு. சுவீடன் நாட்டின் ஆல்ஃபிரெட்சன் குழுவினர், நாட்பட்ட குதிகால் தசைநாண் வலியுடைய 15 பேருக்கு, படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்லத் தாழ்த்தும் பயிற்சியை 12 வாரங்கள் தந்து, பெற்ற நற்பயனை 1998இல் வெளியிட்டனர். இதன்பின் பல ஒப்பீட்டு ஆய்வுகள் நிகழ்ந்தன. படிப்படியாகச் சுமையேற்றும் பயிற்சியே இன்று தசைநாண் வலிக்கு முதல் மருத்துவமாகப் பரிந்துரைக்கப்படுகிறது. இழுவிசையின் திசையில் கொலாஜன் இழைகள் வரிசைப்படுதல் என்னும் மூன்றாம் படியோடு இது இயைகிறது. இதற்குத் தேவை ஒரு படிக்கட்டும், முறையைக் கற்பிக்கும் இயன்முறை மருத்துவரும், பொறுமையுமே. முழுதும் அறுந்த தசைநாணுக்கு இது பொருந்தாது. அதற்கு உடனடி மருத்துவமனைக் கவனிப்பு வேண்டும்.

சட்டமும் நோயாளியும்

இந்தியாவில் 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டமும் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளும் இப்பொருளைப் பற்றியவை. மருத்துவச் சோதனைகளை 2009 சூன் முதல் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். அப்பதிவேட்டை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். முறையான சோதனையில் பங்கேற்பவர்க்குத் தகவல் அறிந்து இசையும் உரிமையும், சோதனையால் பாதிப்பு நேரின் மருத்துவமும் இழப்பீடும் விதிகளில் உள்ளன. சோதிக்கப்படாத குப்பியைத் தம் பணத்தில் வாங்கிச் செலுத்திக்கொள்பவரும் உண்மையில் சோதனைக்கு உட்பட்டவரே. ஆனால் அவருக்கு இசைவுப் படிவமில்லை, கண்காணிப்பில்லை, இழப்பீடில்லை. அவர் உடல் தந்த விடை எவ்வேட்டிலும் பதிவாவதும் இல்லை.

ஆகவே, ஊசி பரிந்துரைக்கப்படும் ஒருவர் நான்கு வினாக்களை எழுப்பலாம். இம்மருந்தின் முழுப்பெயர் யாது? என் நோய்க்கு இந்தியாவில் இது ஒப்புதல் பெற்றதா? மனிதரிடம் ஒப்பீட்டுக் குழுவுடன் சோதிக்கப்பட்டதா? தீங்கு நேரின் பொறுப்பேற்பவர் யார்? டெரிபாரடைடு போன்றவை, உரிய நோய்க்கு வழங்கப்படுமாயின், இவ்வினாக்களுக்கு விடை தருகின்றன. பிபிசி–157 இரண்டாம் வினாவிலேயே நின்றுவிடுகிறது.

முடிவுரை

பெப்டைடு மருத்துவம் பொய்யும் அன்று, அனைத்தையும் ஆற்றும் மாமருந்தும் அன்று. கொலாஜனின் அமைப்பைச் சென்னை ஆய்வு விளக்கியபோது தசைநாண் எதனால் ஆனது என்பது தெளிவாயிற்று. எதனால் அது விரைந்து ஆறும் என்பதை அமைப்பு மட்டும் சொல்லிவிடவில்லை. வேலூர் ஆய்வில் கருத்து முன்னே வந்தது. நோயாளிகளிடம் நிகழ்ந்த ஒப்பீடே அதனை மருத்துவமாக்கியது. மூலக்கூற்று அறிவிற்கும் நோயாளியின் நலத்திற்கும் இடையே உள்ள இத்தொலைவைக் கடக்கச் சோதனையன்றி வேறு வழியில்லை.

பிபிசி–157 அத்தொலைவை இனிமேல் கடக்கலாம், கடக்காமலும் போகலாம். முறையான சோதனை நடந்து நல்ல முடிவு வருமாயின் அதனை ஏற்பதே அறிவியல் நெறி. அதுவரை, கூலி இழந்து நிற்கும் ஒருவர் தம் சேமிப்பையும் உடலையும் அதன்மீது வைப்பதற்குரிய சான்று இல்லை. இவ்வேறுபாட்டை அவர் மொழியிலேயே அவருக்கு விளங்க உரைப்பது தமிழ் அறிவியல் எழுத்தின் கடமைகளுள் ஒன்றாகும்.